பத்துக்கு எட்டு

தஞ்சாவூரில் மூடிப்போன கேம் சென்டர் ஒன்றில்
நாலாயிரத்து இருநூறுக்குப் பேரம் முடித்து
வடுவூர் வழி வந்த பஸ்ஸில்
மடியிலேயே வைத்திருந்தேன்.
"முட்டையாம்மா?" என்றார் கண்டக்டர்.
கிராபிக்ஸ் கார்டு என்றேன்.
டிக்கெட்டின் முதுகில்
பாக்கிச் சில்லறையை எழுதிக் கொடுத்துவிட்டு
முன்னால் போய்விட்டார்.

மன்னார்குடி, பந்தலடிப் பக்கம் என் கடை.
கல்யாணம், காதுகுத்து, கபடிப் போட்டி,
கண்ணீர் அஞ்சலி.
எல்லாமே பத்துக்கு எட்டு.
ஆறு வருஷமாகப்
போர்டோடு பிறந்த வீடியோதான் படம் காட்டியது.
தனக்கென்று ஒரு குழி நினைவு கிடையாது அதற்கு.
ராமில் ஒரு மூலையை வாரத்துக்கு எடுத்து
உழுதுகொண்டிருந்தது.
முப்பத்தெட்டு முகம் வைத்த கபடி பேனரில்
ஒருத்தரைக் கொஞ்சம் நகர்த்தினால்
மீதிப் பேர் எழுந்து வருவதற்குள்
டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

புதுசுக்கு நாலு ஜிபி. சொந்தப் பட்டா.

கேபினட்டைத் திறந்தேன்.
இரண்டு போகத்து அறுவடைத் தூசி,
ஒரு பல்லிமுட்டை ஓடு.
செருப்பைக் கழற்றிவிட்டு
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்,
உடம்புக் கரண்டு இறங்கட்டுமென்று.
பின்தகட்டின் ஸ்குரூ வழுக்கிப்போயிருந்தது.
எதிர்க்கடை வெல்டிங் இன்னாசி வந்து
ஒரே திருகில் எடுத்தார்.
"இதுக்கா கூப்பிட்ட?"

நீளத் துளையில் கார்டை நிறுத்தி
இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன்.
போர்டு வளைந்தது. நான் மூச்சு விடவில்லை.
டக்.
அந்தச் சத்தத்துக்காகவே
இந்த வேலையை நான் யாரிடமும் கொடுப்பதில்லை.

பட்டனைத் தட்டினேன்.
விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது,
திரையில் மட்டும் நோ சிக்னல்.

கழற்றி மாட்டினேன்.
ராமின் பல்லை ரப்பரால் தேய்த்தேன்.
ஆறு பின் ஒயரைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.
தஞ்சாவூர்க்காரனை
வாய்க்குள்ளேயே திட்டினேன்.
நோ சிக்னல்.

அப்போதுதான் மேலவாசலில் இருந்து ஒருவர் வந்தார்,
சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு.
அப்பா விடியக்காலம் தவறிட்டார்,
சாயந்தரம் எடுக்கிறோம்,
அதுக்குள்ள வேணும்.
உட்காருங்க என்று சொல்லிவிட்டுக்
கேபினட்டைத் திருப்பியவள்
அப்படியே நின்றேன்.

கேபிள் பழைய துளையிலேயே இருந்தது.

ஷட்டர் தூக்கியாச்சு,
தண்ணீர் புது வாய்க்காலில் போகிறது,
நான் தூர்ந்துபோன வாய்க்காலின் மடையில்
மண்வெட்டியோடு நிற்கிறேன்.
ஒரு மணி நேரமாக
உள்ளே வரைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது,
யாரும் எட்டிப் பார்க்காத வாசலில்.

மாற்றிச் செருகினேன். வந்துவிட்டது.
முதலில் தடித்தடியாக,
டிரைவர் ஏற்றியதும் பொடியெழுத்தாக.

வாட்சப்பில் படமாக வேண்டாம்,
டாக்குமெண்டாக அனுப்புங்க என்றேன்.
வை. கலியமூர்த்தி. ஓய்வு பெற்ற வயர்மேன்.
முகத்தைப் பெரிதாக்கினேன்.
எங்கும் திக்காமல்
மீசையின் ஒவ்வொரு மயிராக வந்தார்.

"கண்ணாடியில வெள்ளையா என்னமோ இருக்கே,
எடுத்துடுங்களேன்."
எடுக்கத்தான் உள்ளே போனேன்.
போகப்போக வெள்ளை ஒரு ஜன்னலானது.
ஜன்னலுக்கு முன்னால் ஒரு ஆள்,
பூப்போட்ட நைட்டி,
இரண்டு கையாலும் போனைப் பிடித்தபடி.

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டார்.
"அம்மா."
கொஞ்சம் கழித்து,
"போன பொங்கலுக்கு எடுத்த நைட்டி."

மௌசில் இருந்து கையை எடுத்துவிட்டேன்.
இருக்கட்டுமா என்று கேட்டதற்குப்
பதில் சொல்லவில்லை.
தோற்றம், மறைவு,
தேதி இரண்டையும் விரல் வைத்துச் சரிபார்த்தார்.
பத்துக்கு எட்டில் அந்தம்மா
என் கட்டைவிரல் உயரம் வருவார்.
ரோட்டில் நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

பிரிண்டுக்கு அனுப்பிவிட்டுப் பார்த்தால்
மேசையில் ஒரு ஸ்குரூ மீதி.
எங்கேயிருந்து கழற்றினேன் என்று
இன்னும் ஞாபகம் வரவில்லை.
மிஷின் ஓடுகிறது.